படியெடுக்காத கதை

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்பது நள்ளிரவில் சற்றே கண் விழிக்கும் ஓர் இடம். சுங்கச்சாவடியின் வெளிச்சம், தேநீர்க் கடையின் பாட்டு, சேலத்துக்குப் பிரியும் சாலை, அவ்வளவுதான். மறுபடி கண் அயர்வதற்குள் ஊர் போய்விடும். இந்த ஊரிலேயே குடியிருந்து, பக்கத்துக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் கற்பித்து வந்த எங்களுக்கும் நெடுநாள் அது ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது என்றால் நண்பர்கள் நம்பமாட்டார்கள். பாடத்திட்டத்தில் மதுரை இருந்தது, புகார் இருந்தது, வஞ்சி இருந்தது. உளுந்தூர்பேட்டை இருக்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல் வகுப்பில் புறநானூறு நடந்துகொண்டிருந்தது. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல். நட்ட கல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைக்கிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என்று புலவர் மனம் கேட்கிறது. நடுகல்லை நேரில் பார்த்தவர் உண்டா என்று வகுப்பைக் கேட்டோம். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "எங்க ஊரு ஏரிக்கரையில ஒரு கல்லு இருக்குது சார். ஆளு வில்லு புடிச்சிக்கினு நிக்கும். பக்கத்து வூட்டு ஆயாதான் எண்ணெ வெக்கும்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இருசக்கர வண்டிகளில் புறப்பட்டோம். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது ஐந்து பேர்: தமிழ் விரிவுரையாளர் இருவர், பள்ளிக்கூடத்து வரலாற்று ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், தையற்கடை வைத்திருக்கும் புத்தகப் பித்தர் ஒருவர். எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, பதிவு எண் கிடையாது. தையற்கடைப் பலகையில் மாலை ஆறு மணிக்கு மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களே நிர்வாகக் குழு.

*

தேடத் தொடங்கியபின்தான் எத்தனை செல்வத்துக்கு நடுவே உறங்கியிருக்கிறோம் என்பது விளங்கியது. ஊருக்குச் சற்று வெளியே உளுந்தாண்டார்கோயில். மூட்டையில் இருப்பது மிளகு என்று தெரிந்தும் உளுந்து என்று பொய் சொன்ன வணிகனுக்கு மூட்டை முழுவதும் உளுந்தாகிவிட்டதாம். இறைவன் பெயர் மாஷபுரீஸ்வரர். மாஷம் என்றால் உளுந்து. இதே மிளகுக் கதை சோழநாட்டுத் திருப்பயற்றங்குடியில் வேறு முகத்தோடு வருகிறது. அங்கே சுங்கத்திலிருந்து தப்பவே சிவன் மிளகைப் பயறாக்கித் தருகிறார். ஓரிடத்தில் தண்டனை, இன்னோரிடத்தில் அருள். மிளகு மூட்டைகள் சென்ற வணிகப் பெருவழிகளின் நினைவு இந்தத் தலபுராணங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று எங்களுக்கு ஓர் எண்ணம். சுங்கச்சாவடியால் அறியப்படும் ஊருக்கு இது பொருத்தமான கதைதான்.

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன் படையோடு இந்தத் திருமுனைப்பாடி நாட்டில்தான் தங்கியிருந்தான். அவனுடைய சேரநாட்டுப் படைத்தலைவன் வெள்ளங்குமரன் பெண்ணையாற்றுப் பக்கம் கிராமம் என்னும் ஊரில் கற்றளி எடுத்த செய்தி 943ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. 949இல் தக்கோலத்தில் இராசாதித்தன் வீழ்ந்தான். பிறகு இதே திருநாவலூர்ச் சுவரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் ஏறின. தோற்றவன் கட்டிய கோயிலில் வென்றவன் பெயர். ஒரு சுவர் இரண்டு பக்கத்தையும் சுமந்து நிற்கிறது.

திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை. அங்கே குகைத்தளத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்று குறிக்கும் தமிழ்ப் பிராமி எழுத்து 1981இல் கண்டுபிடிக்கப்பட்டது. அசோகனின் சாசனம் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகள் வாதிட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அதில் இருந்தது. அதைக் கண்டவர் கல்வெட்டுப் பயிற்சியில் இருந்த ஒரு மாணவர் என்பதை எங்கள் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வோம். ஔவையார் அழுத அதே அதியமானின் பெயர், எங்கள் வகுப்பறையிலிருந்து அரை நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் கல்லில் இருந்திருக்கிறது. நாங்களோ பொருளடக்கம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

கூவாகம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் கூத்தாண்டவர் முன் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அரவானுக்காகத் தாலியறுக்கும் திருநங்கையரைப் படம் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நேர்ந்துகொண்டு தாலி கட்டிக்கொள்ளும் உள்ளூர் ஆண்களை, அந்தத் திருவிழாவைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் சுற்றுக் கிராமத்தாரைக் கேட்பவர்கள் குறைவு.

இங்கே இன்னொரு சங்கடம். எங்கள் பகுதியில் நாற்பதைத் தாண்டிய எவரும் வீடு மாறாமலேயே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தவர்கள். பிறந்தது தென்னார்க்காடு, 1993இல் விழுப்புரம், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி. ஒவ்வொரு பிரிவின்போதும் தலைநகரம் மாறுகிறது, பழைய தாள்கள் வேறோர் ஊரில் தங்கிவிடுகின்றன. கார்ஸ்டின் எழுதி 1878இல் வந்த தென்னார்க்காட்டு மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் எழுதி 1906இல் வந்த கெசட்டியரும் அருமையான நூல்கள்தாம். ஆனால் வரி வசூலிக்கும் நாற்காலியிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவே அவற்றில் தெரியும். மேற்கே கல்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகை அங்கே 1976 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! அந்த முப்பது ஆண்டுகளை மலையாளிப் பழங்குடியினர் எப்படி வாழ்ந்தார்கள் என்பது எந்தக் கெசட்டியரில் இருக்கும்? வயதானவர்களின் வாயில்தான் இருக்கும்.

*

இந்த வேலையை எங்களுக்கு முன்னும் எங்களைவிட நன்றாகவும் செய்தவர்கள் பலர். அவர்களிடம் கற்றதைச் சொல்லியாக வேண்டும்.

முதற்கடன் தமிழகத் தொல்லியல் கழகத்துக்கு. 1991 முதல் அது வெளியிட்டுவரும் 'ஆவணம்' இதழில் பேராசிரியர் கட்டுரைக்குப் பக்கத்திலேயே சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் கண்டெடுத்த நான்கு வரிக் கல்வெட்டும் அச்சாகும். வாசகம், இடம், காலம், கண்டவர் பெயர். அலங்காரம் இல்லாத அந்தப் பக்கங்கள் எங்களுக்குப் பள்ளிக்கூடம். மதுரையில் 2010இல் யானைமலைக்கு ஆபத்து வந்தபோது, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் மலைக்கு நடந்தார்கள். அந்த நடை 'பசுமை நடை' என்று மாதந்தோறும் தொடர்ந்தது. குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் சமணர் குன்றுகளில் ஏறி, தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் சொல்வதைக் கேட்டுக் கீழிறங்கும். தன் மலை எதுவென்று அறிந்த மக்கள் இருந்தால் வெடிமருந்து வைப்பவன் சற்றே யோசிப்பான் என்பது அந்த நடை தந்த பாடம்.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சுத் தாள்கள், 1992இல் அவர் மறைந்தபின் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. அவர் நல்ல புத்தகம், கெட்ட புத்தகம் என்று பிரிக்கவில்லை. நாடக நோட்டீசும் குஜிலிப் பாட்டும் அவருக்கு ஆவணங்களே. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நினைவைச் சுமந்த சமூகத்திலிருந்து 2005இல் 'நூலகம்' எழுந்து, ஈழத்துத் தாள்களை மின்னுருவாக்கி எவரும் படிக்கத் திறந்து வைத்தது. 2001இல் தொடங்கிய தமிழ் மரபு அறக்கட்டளை, ஓலைச்சுவடியும் பழநூலும் அழிவதற்குள் மின்னுருவாக்கும் வேலையைக் கடல் கடந்த தமிழரையும் சேர்த்துக்கொண்டு செய்தது. எங்கள் நடுநாட்டிலேயே கண்மணி குணசேகரன் தனி ஆளாக 'நடுநாட்டுச் சொல்லகராதி' தொகுத்துத் தந்தார். ஒரு வட்டாரத்தின் சொல்லைச் சேர்த்துவைப்பதும் அதன் வரலாற்றைச் சேர்த்துவைப்பதே.

சுவீடனில் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் என்ற எழுத்தாளர் 1978இல் ஒரு நூல் எழுதினார். நீ நிற்கும் இடத்திலேயே தோண்டு என்பது அதன் தலைப்பின் பொருள். சிமென்ட் ஆலையின் வரலாற்றை முதலாளியின் அறிக்கையில் படித்தது போதும், உன் வேலையில் வல்லவன் நீதான், நீயே உன் ஆலையின் வரலாற்றை எழுது என்று தொழிலாளியிடம் அவர் சொன்னார். அதைப் படித்துவிட்டு அங்கே ஊருக்கு ஊர் சிறு குழுக்கள் கிளம்பின. எங்கள் தையற்காரர் இதைக் கேட்டுவிட்டு, "நிக்கிற எடத்துலயே தோண்டினா காலு உள்ள போயிடுமே வாத்தியாரே" என்றார். அப்போது சிரித்தோம். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

*

ஏரிக்கரைக் கல்லுக்கு வருவோம். அந்த ஊரின் பெயரை வேண்டுமென்றே விடுகிறோம்.

வேப்பமரத்தடியில் இடுப்புயரக் கல். எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் தலைமுறைகளாக ஏறி, வீரனின் முகம் கரிய மொத்தையாக இருந்தது. ஊரார் அதற்கு வைத்திருந்த பெயர் சாமியின் பெயர். நாங்கள் சற்றும் யோசிக்கவில்லை. நார்த் தூரிகையும் வாளித் தண்ணீருமாக இறங்கித் தேய்த்தோம். அரை நாள் தேய்த்தபின் வில்லும் அம்பும் தெளிந்தன; மேலே வட்டெழுத்தில் மூன்று வரிகள் தெரிந்தன. ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, எழுத்தின் பள்ளங்களில் தாள் இறங்கியபின் மைத்துணியால் ஒற்றினோம். பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் எழுத்து மேலெழுந்து வந்த அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது? ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாய் மூடியிருந்த ஒருவன் பேசத் தொடங்கியது போலிருந்தது.

அவன் முழுவதும் பேசவில்லை. இரண்டு வரிகள் தேய்ந்திருந்தன. 'தொறு' என்ற சொல்லும் 'பட்டான்' என்ற சொல்லும் ஐயமின்றிப் படிக்க முடிந்தன. தொறு என்றால் ஆநிரை. மாடு மீட்கும் பூசலில் இறந்துபட்டவன். பெயர் இருந்திருக்க வேண்டிய இடம் பொரிந்து போயிருந்தது. படியைப் பார்த்த மூத்த ஆய்வாளர் ஒருவர், எழுத்தமைதி பல்லவர் காலத்தின் பிற்பகுதி என்று கருத்துச் சொன்னார். 1972இல் அரசு வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலை வைத்து ஒப்பிட்டு ஒரு வாரம் தூங்காமல் இருந்தோம்.

அடுத்து நாங்கள் செய்ததுதான் பிழை. செய்தித்தாளுக்குச் சொன்னோம். படத்தோடு வந்தது. மறுவாரம் கல்லுக்கு மாலை விழுந்தது. அதற்கடுத்த மாதம் அந்த வீரன் தங்கள் குலத்து முன்னோன் என்று ஒரு பலகை நட்டார்கள். பத்து நாளில் எதிர்ப்பக்கம் இன்னொரு பலகை. பெயர் பொரிந்து போன இடத்தில் எவர் பெயரையும் எழுதிக்கொள்ளலாம் அல்லவா? வாய்ச்சண்டை கைகலப்பை நெருங்கியபோது அலுவலர்கள் வந்து கல்லைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுப் பூட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏரித் தண்ணீரை ஒன்றாகப் பாய்ச்சிய ஊர் இரண்டாக நின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் எண்ணெயை மட்டுமே கேட்டு நின்ற கல்லுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் பூட்டு வந்தது.

எண்ணெய் வைத்துவந்த ஆயா வேலிக்கு வெளியே மண் அகலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தலைகுனிந்து போய் நின்றோம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கல்லுல என்னா எழுதியிருக்குதுன்னு காகிதம் ஒட்டிக் கேட்டீங்க. தெனம் வெளக்கு வெக்கறவள ஒரு வார்த்த கேட்டீங்களாய்யா?" என்றார்.

கேட்கவில்லை. மை, தாள், தூரிகை, நாடா எல்லாம் கொண்டுபோயிருந்த நாங்கள் அந்தக் கேள்வியைக் கொண்டுபோகவில்லை. தமிழ் படித்தவர்கள், அதிலும் நடுகல் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறவர்கள், கல்லுக்குப் படைத்த கையைக் காணாமல் கல்லை மட்டும் கண்டிருக்கிறோம்.

மன்னிப்புக் கேட்டோம். அதன்பின் ஓராண்டு, எதையும் கேட்காமல், மாதம் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். ஒரு மாட்டுப் பொங்கலன்று மாலை அவராகவே சொன்னார், மாமியார் தமக்குச் சொன்ன கதையை. நாங்கள் மூவர் அன்று இருந்தோம். ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதாதீங்க சாமி. இவனக் காட்டிக் குடுத்தவன் வெளியூர்க்காரன் இல்ல. அவன் வம்சத்துப் புள்ளைங்க இங்கதான் இருக்குதுங்க. ஒண்ணுமண்ணா இருக்குதுங்க. இருக்கட்டும்" என்றார்.

கதையை இங்கே சொல்லப்போவதில்லை. ஆய்வு நோக்கில் ஒன்று மட்டும் சொல்லலாம். அது கல் நட்ட காலத்துக் கதையாக இருக்க வாய்ப்பில்லை. அண்மை நூற்றாண்டுகளில் நடந்த ஒரு துயரம் பழைய கல்லில் வந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஒரே கல்லில் இரண்டு வரலாறுகள் இருந்தன. ஒன்றை நாங்கள் படியெடுத்து அச்சேற்றி ஊரைப் பிரித்தோம். மற்றொன்றை ஒரு கிழவி நெஞ்சுக்குள் வைத்து ஊரைச் சேர்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.

*

உள்ளூர் வரலாற்றைக் காப்பதும் பகிர்வதும் ஒன்றே என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். இப்போது அவை இரண்டு வேலைகளாகத் தெரிகின்றன. சில வேளைகளில் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. கோயிற்சுவரில் அரசன் வெட்டிய ஆணை ஊரறியப் படிக்கவே வெட்டப்பட்டது. அதைப் படியெடுத்து உலகுக்குத் தரலாம். தராமல் பெட்டியில் பூட்டுவதுதான் குற்றம். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் எழுத்துகள் மழுங்கிப் போகும்போது, ஒரு மாணவன் எடுத்து வைத்த படம் கல்வெட்டுக்கு மறுபிறவி கொடுக்கக்கூடும். ஆனால் ஒருத்தி ஒருவருக்கு மட்டும் சொன்ன கதை அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதற்கு உரிமையாளர் உண்டு. அதனால் காயப்படக்கூடிய உயிருள்ள மனிதர் உண்டு.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் எங்கள் வேலை மெதுவாகிவிட்டது. எந்தக் கல்லுக்கும் போனவுடன் தூரிகையை எடுப்பதில்லை. இதற்கு விளக்கு வைப்பவர் யார் என்று கேட்டு, அவர் வீட்டுத் திண்ணையில் முதலில் உட்காருகிறோம். ஊர்ப் பெரியவர்களை எல்லாத் தெருவிலிருந்தும் அழைத்து, படித்ததை அவர்களுக்கே முதலில் படித்துக் காட்டுகிறோம். பெயர் தேய்ந்திருந்தால், தேய்ந்திருக்கிறது என்பதை மூன்று முறை சொல்கிறோம். செய்தித்தாளுக்கு ஓராண்டு கழித்துச் சொன்னாலும் கல் ஓடிவிடாது. கல்வராயன் மலையில் ஜாகீர் காலத்து நினைவுகளைக் கேட்கப் போகும் மாணவர்களிடமும் இதையே சொல்லி அனுப்புகிறோம்: சொன்னவர் வேண்டாமென்றால் பெயரை விடு, கதையே வேண்டாமென்றால் கதையையும் விடு. இதனால் எங்கள் குறிப்பேடுகளில் ஓட்டைகள் இருக்கின்றன. இருக்கட்டும்.

ஆனாலும் இரவில் உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. ஆயா சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். அன்று அவர் கதையைக் கேட்ட மூவரில் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் கொரோனாக் காலத்தில் போய்விட்டார். மிச்சம் இருவர். வீடு வீடாகச் சுவடி தேடி அலைந்த உ.வே.சா.வைக் கொண்டாடுகிற மொழியில், கையில் கிடைத்ததை எழுதாமல் வைத்திருப்பது பாவம் என்று ஒரு குரல் சொல்கிறது. நெருப்பிலும் கறையானிலும் போனவற்றை எண்ணி அழுகிற நாமே ஒன்றை மௌனத்தில் எரிய விடலாமா? கொடுத்த வாக்கை மீறித்தான் ஒரு வரலாற்றைக் காக்க வேண்டுமென்றால் காப்பது எதை என்று இன்னொரு குரல் கேட்கிறது. எழுதி உறையிலிட்டு, ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்கச் சொல்லி ஏதேனும் ஆவணக் காப்பகத்தில் வைக்கலாம் என்றார் ஒரு நண்பர். ஆயா கேட்டுக்கொண்டது 'ஐம்பது ஆண்டுக்கு எழுதாதீர்கள்' என்றில்லையே!

முடிவு எட்டவில்லை. வாசக நண்பர்கள் யாருக்கேனும் இத்தகைய அனுபவம் இருந்தால் அறிய ஆவலாக இருக்கிறோம்.

சென்ற தைமாதம் அந்தப் பக்கம் போனோம். கம்பிவேலி துருப்பிடித்து ஓரிடத்தில் வளைந்திருந்தது. ஆள் புகும் அளவுக்கு இல்லை. ஒரு கை போகும். பலகைகள் இரண்டும் வெயிலில் எழுத்திழந்து நின்றன. கல்லின் தோளில் புதிய எண்ணெய் மின்னியது. வைத்தது யார் என்று விசாரிக்கவில்லை. அகல் மட்டும் இன்னும் சூடாக இருந்தது.